அக்காகிட்ட கேளுங்க: புள்ளையோட உக்காந்து கார்ட்டூன் பாக்குறது

லீவு நாள்ல புள்ளைங்கள வீட்டுல வச்சிக்கிட்டு என்ன செய்றீங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்த கடிதத்துல முக்கால்வாசி டீவியும் கார்ட்டூனும் பத்தித்தான். அதனால இந்த தடவ பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன், சமையல் கேள்வி அனுப்புனவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க.

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரரு கொழும்புல வேல. தீபாவளிக்கு வந்தப்ப மகனுக்குன்னு பழைய டொம் அன்ட் ஜெரி எல்லாம் சேத்த டீவிடி செட் ஒன்னு வாங்கிட்டு வந்தாரு. மகனுக்கு நாலு வயசு. நான் மலையில இருந்து வந்து குளிச்சிட்டு அடுப்பு பத்த வச்சிட்டு கொஞ்ச நேரம் அவனோட உக்காந்து பாப்பேன், எனக்கும் சிரிப்பு வந்துரும். மாமி பேசுறாங்க, பெத்தவளே பல்ல காட்டிக்கிட்டு உக்காந்தா புள்ள எப்புடி உருப்படும்னு. அதோட அவன் தங்கச்சிய தலகாணியால அடிக்கிறான், கேட்டா ஜெரி அப்படித்தான் அடிக்குதுன்னு சொல்றான். நிப்பாட்டிறவா?
(ஒரு தாய், மஸ்கெலியா)

பதில்: நிப்பாட்ட வேணாம் தங்கச்சி. மொதல்ல நீங்க சிரிக்கிறத பத்தி பேசுவோம். அந்த கார்ட்டூன் சின்னப்புள்ளைங்களுக்குன்னு மட்டும் செஞ்சதே இல்ல. வில்லியம் ஹானா, ஜோசப் பார்பெரான்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல எம்.ஜி.எம். கம்பனியில 1940ல தொடங்குனாங்க, அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு டீவி ஏது, தியேட்டர்ல பெரிய படம் ஓடுறதுக்கு முன்னுக்கு ஏழு எட்டு நிமிஷம் போடுறதுக்காக செஞ்சது அது, டிக்கட் எடுத்து வந்து பாத்து சிரிச்சதுல நெறையப் பேரு வேல முடிஞ்சு வந்த பெரிய ஆளுங்க. 1958 வரைக்கும் அவங்க ரெண்டு பேரும் 114 படம் செஞ்சாங்க, அதுல ஏழுக்கு ஒஸ்கார் கெடச்சிருக்கு. நாள் முழுக்க கூடைய சொமந்து கொழுந்து எடுத்துட்டு வந்த மனுஷிக்கு அத பாத்து சிரிக்க எல்லா உரிமையும் இருக்கு. மாமிகிட்ட இதுக்காக வாதாடிக்கிட்டு இருக்காதீங்க, ஒரு நாளைக்கு அவங்களையும் பக்கத்துல இழுத்து உக்கார வைங்க. பூனை கோட்டு சூட்டு போட்டு பியானோ வாசிக்க வரும், பியானோவுக்குள்ள எலி தூங்கிக்கிட்டு இருக்கும், 1947ல வந்தது, லிஸ்ட்ங்கிற இசையமைப்பாளரோட மெட்டு ஒன்னுதான் கிட்டத்தட்ட முழுக்க ஓடும், ஒரு வார்த்த பேச்சு கெடையாது. அத போடுங்க. பாஷை தெரியணும்னு இல்ல, அவங்களுக்கும் வெளங்கும்.

இப்ப அடி விஷயம். நாலு வயசுப் புள்ள கண்டத செஞ்சு பாக்கும், அது அந்த வயசோட இயல்பு. "அடிக்காத"ன்னு கத்துனா அப்போதைக்கு நிப்பாட்டும், அவ்வளவுதான். பக்கத்துல இருக்கும்போதே கேளுங்க, "இப்ப டொம் தலையில சட்டி விழுந்துச்சே, நெசமா நம்ம தலையில விழுந்தா என்னாகும் மகன்?"னு. அவன் யோசிப்பான், சில நேரம் தலைய தடவிக்கிட்டே பதில் சொல்லுவான். நம்ம தோட்டத்து புள்ளைங்களுக்கு இது புதுசும் இல்ல, காமன் கூத்துல மன்மதன் எரிஞ்சு போறான், திரும்ப உயிரோட வர்றான், அத பாத்துட்டு எந்த புள்ளையும் தீயில எறங்குனது கெடையாது, ஏன்னா சுத்தி நிக்கிற பெரியவங்க அது கூத்துன்னு சொல்லிக் குடுக்கிறாங்க, அழுறப்ப அழுது சிரிக்கிறப்ப சிரிச்சு காட்டுறாங்க. கார்ட்டூனுக்கும் அப்படி ஒரு ஆள் பக்கத்துல வேணும், அது நீங்கதான்.

ஆனா மூனு விஷயத்துல மட்டும் வெளையாட்டுன்னு விட்டுறாதீங்க, கறண்டு, நெருப்பு, கத்தி. டொம்மோட வாலு பிளக் ஓட்டைக்குள்ள போற மாதிரி, வாய்க்குள்ள வெடி வெடிக்கிற மாதிரி சீன் அந்த பழைய படங்கள்ல அடிக்கடி வரும். நம்ம லயத்துல அடுப்பு தரையோட இருக்கும், கவ்வாத்து கத்தி கதவு மூலையில சாத்தி இருக்கும், பிளக் பொயின்ட் புள்ள கைக்கு எட்டுற ஒசரத்துல இருக்கும். அந்த சீன் வந்த ஒடனே நிப்பாட்டி, முகத்த கொஞ்சம் கண்டிப்பா வச்சிக்கிட்டு, "இது நெசத்துல உசிருக்கு ஆபத்து"ன்னு ஒரே வரியில சொல்லிட்டு மறுபடி ஓட விடுங்க. கத்திய எடுத்து ஒசர வைக்கிறதும் அன்னைக்கே செஞ்சிருங்க.

இன்னொன்னும் சொல்லணும், உங்க வீட்டுக்காரரு டிஸ்க்கா வாங்கிட்டு வந்தது ரொம்ப நல்ல காரியம். போன்ல போட்டு குடுத்தா ஒன்னு முடிய ஒன்னு தானா வந்துக்கிட்டே இருக்கும், அதுல என்ன வருதுன்னு யாருக்கும் தெரியாது, டொம் அன்ட் ஜெரி பேர போட்டு யாரோ என்னத்தையோ செஞ்சு ஏத்தி வச்சிருப்பாங்க, டேட்டாவும் கரைஞ்சு போகும். டிஸ்க் முடிஞ்சா முடிஞ்சிருச்சு. புள்ளைக்கு "அவ்வளவுதான் மகன், இனி நாளைக்கு"ன்னு சொல்ல நமக்கு ஒரு எடம் கெடைக்குது. மழை புடிச்சா டிஷ் இழுக்காத நாள்லயும் அது ஓடும், நம்ம பக்கத்து மழை உங்களுக்கு தெரியாததா.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பாக்க விடலாம்? மூத்தவனுக்கு மூனரை வயசு, சின்னவளுக்கு ஒன்னு.
(ஒரு தகப்பன், தலவாக்கலை)

பதில்: தம்பி, உலக சுகாதார நிறுவனம் 2019ல அஞ்சு வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்களுக்குன்னே சொன்ன அளவு இருக்கு. ரெண்டு வயசு ஆகுற வரைக்கும் திரையே வேணாம். ரெண்டு, மூனு, நாலு வயசுல ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேணாம், கொறைஞ்சா இன்னும் நல்லது. பெரியவனுக்கு ஏழு நிமிஷப் படம் மூனு போட்டா இருவது நிமிஷம் சொச்சம், ஒரு நாளைக்கு அது தாராளம். போடுறதுக்கு முன்னுக்கே எத்தனன்னு அவனையே எண்ண சொல்லுங்க, மூனு விரல காட்டட்டும், ஒவ்வொன்னு முடிய ஒரு விரல மடக்கட்டும். சின்னவள அந்த நேரத்துல அம்மாயிகிட்டயோ யார்கிட்டயாவதோ வெளிய தூக்கிட்டு போக சொல்லுங்க. சாப்பாட்ட ஊட்டுறதுக்கு மட்டும் கார்ட்டூன போடாதீங்க, அப்புறம் அது இல்லாம வாயே தொறக்காது.

கேள்வி: எங்க மகளுக்கு அஞ்சு வயசு. பிரீ ஸ்கூல்லயும் இங்கிலீஷ், பாக்குற கார்ட்டூனும் இங்கிலீஷ். பாஷைய கத்துக்கட்டும்னுதான் விட்டோம், ஆனா ரெண்டு வசனத்துக்கு மேல தமிழ்ல கதைக்க மாட்டேங்குது, அப்பாயி பேசுனா முழிக்குது. கார்ட்டூன தமிழுக்கு மாத்தினா சரியாகுமா?
(ஒரு தகப்பன், பண்டாரவளை)

பதில்: கார்ட்டூன மட்டும் மாத்தினா சரியாகாது தம்பி. திரை பேசும், ஆனா புள்ள பேசுறத கேக்காது. 2003ல அமெரிக்காவுல பட்ரிசியா கூல்ங்கிற ஆராய்ச்சியாளர் ஒம்பது மாசக் குழந்தைங்கள வச்சு ஒரு சோதனை செஞ்சாங்க, ஒரு கூட்டத்துக்கு சீன பாஷை பேசுற ஆளுங்க நேர்ல உக்காந்து கதை வாசிச்சு வெளையாட்டு காட்டுனாங்க, இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆளுங்க பேசுனத டீவியில காட்டுனாங்க. நேர்ல கேட்ட குழந்தைங்க அந்த பாஷையோட சத்தத்த பிரிச்சு அறிஞ்சுச்சு, டீவியில பாத்ததுங்களுக்கு ஒன்னும் ஏறல. அஞ்சு வயசுப் புள்ள டீவியில இருந்து சில சொல்ல பொறுக்கி எடுக்கும்தான், ஆனா பேச்சு வளர்றது பதில் பேசுற மனுஷங்ககிட்ட.

அதனால நான் சொல்றது கொஞ்சம் வேற மாதிரி. பேச்சு இல்லாத, இல்லன்னா ரொம்ப கொறைவா உள்ள கார்ட்டூன தேடி எடுங்க, அது நெறைய இருக்கு. டொம் அன்ட் ஜெரி ஒன்னு, பிங்க் பேந்தர் ஒன்னு. பிரிட்டன்ல 2007ல தொடங்குன ஷோன் த ஷீப்புல ஆடும் கத்தும், தோட்டக்கார மனுஷனும் முணுமுணுப்பாரு, ஒரு சொல்லு வராது. 1990ல வந்த பிங்குன்னு களிமண் பென்குயின் ஒன்னு இருக்கு, அது பேசுறது உலகத்துல எந்த பாஷையும் இல்ல. செக் நாட்டுல ஸ்டெனெக் மிலர்ங்கிறவரு 1957ல தொடங்குன பெருச்சாளி மாதிரி ஒரு சின்ன பிராணியோட கதையும் அப்படித்தான், கிட்டத்தட்ட எல்லாத்துலயும் சிரிப்பும் அழுகையும் மட்டுந்தான். இப்ப என்ன நடக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் தேவைப்படுது பாருங்க. நீங்க தமிழ்ல சொல்லுங்க. "அடேய் ஆட்டுக்குட்டி கேட்ட தொறந்துருச்சு, இப்ப மாட்டிக்கப் போகுது"ன்னு. ரெண்டாவது தடவ போடும்போது நீங்க வாய மூடிக்கிட்டு மகள சொல்ல விடுங்க. மூனாவது தடவ அப்பாயிய கூப்பிட்டு உக்கார வச்சு, "அப்பாயிக்கு கண்ணு சரியா தெரியாது, நீ சொல்லு"ன்னு விடுங்க. அது இங்கிலீஷ்ல சொல்லி அப்பாயிக்கு வெளங்கலன்னா அதுவா தமிழுக்கு வரும், தடுமாறும், விடுங்க, எடுத்துக் குடுக்காதீங்க, கொஞ்சம் பொறுத்து அப்பாயியே எடுத்துக் குடுப்பாங்க.

சிங்களத்துல பாத்தா என்னன்னு இன்னும் ரெண்டு பேரு கேட்டிருக்காங்க, அதுக்கும் இங்கயே சொல்லிர்றேன். தாராளமா பாக்கலாம். நம்மள்ல எத்தனையோ பேரு ரூபவாஹினியில டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்துக்கு மாத்தித் தந்த பக்ஸ் பனிய, ஹா ஹா ஹரி ஹாவான்னு பாத்து வளந்தவங்கதான், அது வெறும் மொழிபெயர்ப்பு இல்ல, அந்த மொயலு இந்த நாட்டு மொயலாவே கதைச்சுச்சு. கறண்டு வராத லயத்துல பேட்டரியில ஓடுன கறுப்பு வெள்ள டீவி முன்னுக்கு பத்து வீட்டுப் புள்ளைங்க குந்திக்கிட்டு பாத்ததுதான் பலருக்கு சிங்களம் காதுல பழகுனதுக்கு ஒரு காரணம். தமிழ்ல எங்களுக்குன்னு, எங்க பேச்சுல, மலையகத்துப் புள்ள கேட்டா "இது நம்ம ஆளு"ன்னு சொல்ற மாதிரி ஒரு கார்ட்டூன் அப்படி வரணும்ங்கிறது எனக்கு ரொம்ப நாள் ஆசை. படம் வரையிற புள்ளைங்களும் குரல் குடுக்கிற புள்ளைங்களும் இங்க நெறையவே இருக்காங்க.

கேள்வி: அக்கா, ஒம்பது வயசு மகளோட பழைய டொம் அன்ட் ஜெரி பாத்துக்கிட்டு இருந்தேன். அதுல ஒரு பொம்பள வருவாங்க, தடிச்ச கறுப்புக் காலு, ஏப்ரன், கையில வெளக்கமாறு, முகத்த காட்டவே மாட்டாங்க. "ஏம்மா அவங்களுக்கு முகம் இல்ல"ன்னு மகள் கேட்டா. அப்புறம், "கொழும்புல பெரியம்மா வேல செய்ற வீட்டுலயும் இப்படித்தானா"ன்னு கேட்டா. எங்க அக்கா பதினாறு வயசுல வீட்டு வேலைக்கு போனவ. எனக்கு பதில் சொல்ல வரல.
(ஒரு தாய், ஹட்டன்)

பதில்: இந்தக் கடிதத்த நான் திரும்பத் திரும்ப வாசிச்சேன் தங்கச்சி. மகள் கேட்டது பெரிய கேள்வி, அதுக்கு பதில் இருக்கு.

பூனையும் எலியும் இருக்கிற ஒசரத்துல இருந்து பாக்குறதால மனுஷங்களோட காலுதான் தெரியும்னு சொல்லலாம், அது ஒரு அளவுக்கு உண்மையும் கூட. ஆனா அது முழு பதில் இல்ல, ஒம்பது வயசுக்கு முழு பதில் தாங்கும். அந்த பொம்பள அமெரிக்க கறுப்பின பொம்பள. 1940ல மொத படத்துல இருந்து 1952 வரைக்கும் வந்தாங்க, குரல் குடுத்தது லிலியன் ரன்டொல்ஃப்னு ஒரு கறுப்பின நடிகை, அந்தக் குரல கேட்டுப் பாருங்க, பூனைய "தோமஸ்"னு கூப்பிடும்போது எப்புடி ஒரு அதிகாரம். ஆனா அந்த நாட்டு சினிமாவுல அப்ப கறுப்பின பொம்பளைன்னா தடிச்ச ஒடம்பு, கொச்சப் பேச்சு, கையில வெளக்கமாறுன்னு ஒரே அச்சுலதான் வார்த்து வச்சிருந்தாங்க, இதுவும் அதே அச்சுதான். கறுப்பின மக்களோட அமைப்புகள் அந்தக் காலத்துலயே எதிர்த்து கேட்டாங்க. பின்னுக்கு 1960கள்ல டீவிக்கு போடும்போது சில படத்துல அவங்கள அழிச்சிட்டு வெள்ளக்கார பொம்பளையா மாத்தி வரைஞ்சு, குரலையும் மாத்தினாங்க. இப்ப உள்ள சில வெளியீடுகள்ல கம்பனியே முன்னுக்கு எழுதிப் போடுது, இந்த மாதிரி காட்டுனது அப்பவும் பிழை இப்பவும் பிழை, ஆனா வெட்டி எறிஞ்சிட்டா இப்படி ஒரு பாகுபாடு இருக்கவே இல்லன்னு சொன்ன மாதிரி ஆயிரும்னு. எனக்கு அது சரின்னு படுது. முகத்த மாத்தி வரையிறது எனக்கு சரின்னு படல.

இத மகளுக்கு நேராவே சொல்லுங்க. வரைஞ்சவங்க அவங்கள முழு ஆளா பாக்கல, அதனால முகத்த வரையணும்னு அவங்களுக்கு தோனல, அது பிழைன்னு. நம்மளுக்கும் இது தெரியாத விஷயம் இல்லையே. டெலிநாடகத்துல தோட்டத்துப் புள்ளன்னா அடுப்படியில நிக்கிற புள்ள, ஒடைஞ்ச சிங்களம் பேசுற புள்ளன்னு எத்தன தடவ பாத்திருக்கோம், அத பாத்துக்கிட்டு இருக்கிறப்ப நெஞ்சுக்குள்ள என்ன செய்யும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

பெரியம்மாவ பத்தி மகள் கேட்டதுக்கு பதில நீங்க சொல்ல வேணாம், பெரியம்மாவே சொல்லட்டும். ஞாயித்துக்கெழம போன் எடுத்துக் குடுங்க, அந்த வீட்டுல காலையில எத்தன மணிக்கு எழும்புறாங்க, அவங்கள என்ன பேர் சொல்லி கூப்பிடுறாங்க, எங்க தூங்குறாங்க, என்ன சமைச்சா அவங்களுக்கு புடிக்கும்னு மகளே கேக்கட்டும். உங்க அக்காகிட்ட இந்தக் கேள்விய இதுவரைக்கும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் மகளுக்கு விருப்பம் இருந்தா அந்த கார்ட்டூன் அம்மாவுக்கு ஒரு முகம் வரைய சொல்லுங்க, கண்ணு மூக்கு எல்லாம் வச்சு, பேரும் ஒன்னு அவளே வைக்கட்டும்.

மகள தனியா உக்கார வச்சிட்டு நீங்க அடுப்படிக்கு போயிருந்தா இந்தக் கேள்வி அவ மனசுக்குள்ள வந்து அப்படியே போயிருக்கும். பக்கத்துல இருந்ததாலதான் வாய்க்கு வந்துச்சு.

கேள்வி: முப்பது கார்ட்டூன் இருக்கிற பென் டிரைவுல என் மகன் ஒன்ன மட்டுந்தான் திரும்பத் திரும்ப கேக்குறான். இது ஏதும் பிரச்சினையா?
(ஒரு தாய், வட்டவளை)

பதில்: இல்ல. சின்னப்புள்ளைங்களுக்கு அடுத்து என்ன வரும்னு முன்கூட்டியே தெரியிறதுல ஒரு பெரிய சந்தோஷம் இருக்கு, ஒவ்வொரு தடவையும் புதுசா ஏதோ ஒன்ன கவனிக்கவும் செய்யும். சலிச்சா தானா அடுத்ததுக்கு போகும். பென் டிரைவ கடையில ஏத்தி வாங்கினதா இருந்தா மட்டும் புள்ளைகிட்ட குடுக்க முன்னுக்கு ஒரு தடவ நீங்க எல்லாத்தையும் தொறந்து பாருங்க, ஒரே போல்டர்ல பெரியவங்க படமும் கலந்து கெடக்கும்.

கேள்வி: அன்ரி, நான் ஆறாம் ஆண்டு படிக்கிறேன். தம்பியோட கார்ட்டூன் பாப்பேன். வரைஞ்ச படம் எப்படி ஓடுது? நாங்களும் வீட்டுல செய்யலாமா?
(ஒரு மாணவி, ஹப்புத்தளை)

பதில்: செய்யலாம் மகள், கட்டாயம் செய்யலாம். படம் ஓடவே இல்ல, அதுதான் விஷயம். கொஞ்சம் கொஞ்சமா மாத்தி வரைஞ்ச நெறைய படத்த வேகமா காட்டுறாங்க, நம்ம கண்ணும் மூளையும் அத சேத்து அசையிறதா எடுத்துக்குது. சினிமாவுல ஒரு செக்கனுக்கு 24 படம் போகும். அப்ப ஏழு நிமிஷத்துக்கு எத்தனன்னு பெருக்கிப் பாருங்க, 10,080 வரும். ஒரே படத்த ரெண்டு தடவ காட்டி மிச்சம் புடிக்கிறதும் உண்டு, அப்படின்னாலும் அய்யாயிரத்துக்கு மேல. கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்துல எல்லாமே கையாலதான், கடதாசியில பென்சிலால வரைஞ்சு, கண்ணாடி மாதிரி இருக்கிற செலுலொயிட் தாள்ல மையால எடுத்து, பின்பக்கமா சாயம் பூசி, வீடு மரம் எல்லாம் வரைஞ்ச ஒரு பெரிய படத்துக்கு மேல வச்சு ஒவ்வொன்னா கமராவுல எடுப்பாங்க. அதனாலதான் வீடு அப்படியே இருக்க பூனை மட்டும் ஓடுது. டொம் அடிபட்டா கத்துமே ஒரு கத்து, அது வில்லியம் ஹானாவோட சொந்த குரல். மியூசிக் ஸ்கொட் பிராட்லி, பூனை ஒரு காலடி வச்சா அதுக்கும் ஒரு வாத்தியம் போட்டிருப்பாரு, ஒரு தடவ கண்ண மூடிக்கிட்டு கேட்டுப் பாருங்க, சத்தத்த வச்சே கதை சொல்லலாம்.

நீங்க செய்றதுக்கு பழைய கொப்பி ஒன்னு போதும், ஒரு பக்கம் எழுதி இருந்தாலும் பரவாயில்ல, மூலை வெறுமையா இருந்தா சரி. தடிச்ச தாள் உள்ள கொப்பியவிட மெல்லிசான தாள் உள்ளது நல்லது. தொடக்கத்துக்கு பூனை எல்லாம் வேணாம், ஒரு பந்து மேல இருந்து விழுந்து தரையில பட்டு எழும்புறது மட்டும் வரையுங்க, தரையில படும்போது பந்த கொஞ்சம் சப்பையா வரையுங்க, அது ஒன்னு செஞ்சாலே உசிரு வந்துரும். கடைசி தாள்ல இருந்து தொடங்கி முன்னுக்கு வாங்க, அப்பதான் அடியில உள்ள படம் மேல் தாள்ல மங்கலா தெரியும், அத பாத்து ஒரு நூல் தள்ளி அடுத்தத வரையலாம். இருவத்தஞ்சு தாள் வரைஞ்சதும் கட்டைவிரலால மூலைய புடிச்சு பின்னுக்கு இருந்து முன்னுக்கு டர்ருனு விடுங்க. தம்பிக்கு வரைய வராதுன்னா கலர் அடிக்க குடுங்க, ஆனா எல்லா தாள்லயும் ஒரே கலரா அடிக்க சொல்லுங்க, இல்லன்னா பந்து மின்னிக்கிட்டே விழும்.

(அடுத்த இதழ்ல சமையல் கேள்விகள். அனுப்பாதவங்க இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்புங்க.)